இத்தாலியன் சொசேஜ் போட்டுப் பாஸ்தா சமைக்கிறீர்களா?

ரொறன்ரோவில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில், வாரத்தில் ஒரு நாளாவது இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்தா செய்யாத வீடு குறைவு. அதில் சொசேஜ் சேர்ப்பதை நான் தடுப்பதில்லை. எந்தச் சொசேஜ் என்று மட்டும் கேட்பேன்.

ஊரில் சாப்பிட்டுப் பழகிய கோழி சொசேஜும் இங்குள்ள ஹொட்டோக்கும் தொழிற்சாலையிலேயே அவித்து வருபவை. சட்டியில் பிரட்டி, ஆவி பறக்கச் சூடாக்கினால் போதும். இறைச்சிப் பகுதியில் தட்டில் அடுக்கி விற்கும் இத்தாலியன் சொசேஜ் அப்படியல்ல. அரைத்த பன்றி இறைச்சி, கொழுப்பு, உப்பு, பெருஞ்சீரகம், உறைப்பு வகையென்றால் மிளகாய். அத்தனையும் பச்சையாகத்தான் உள்ளே இருக்கின்றன. இதையும் பழைய பழக்கத்தில் வட்டமாக வெட்டி, மேலே சிவந்ததும் இறக்கிவிடுகிறார்கள்.

முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது சல்மொனெல்லா, யெர்சினியா போன்றவை உள்ளேயும் கலந்துவிடும். அதனால்தான் பன்றி இறைச்சிச் சொசேஜின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸைத் தொடவேண்டும் என்கிறது ஹெல்த் கனடா. கோழி என்றால் 74. நிறத்தை நம்பாதீர்கள். பப்ரிக்கா சேர்த்தது வெந்த பிறகும் சிவப்பாக இருக்கலாம். சில இறைச்சி வேகுமுன்பே பழுப்பாகிவிடும். சமையல் வெப்பமானியை நுனியிலிருந்து நீளவாக்கில் குத்துங்கள். குறுக்கே குத்தினால் கம்பி மறுபக்கம் வந்து சட்டியின் சூட்டைக் காட்டும்.

பாஸ்தாவுக்கு இதைவிட நல்ல வழி, தோலைக் கீறி உரித்து இறைச்சியை உதிர்த்துப் போடுவது. அகலச் சட்டி, நடுத்தர நெருப்பு, கொஞ்சம் ஒலிவ் எண்ணெய். போட்டவுடன் கிளறவேண்டாம்; அடிப்பக்கம் நன்றாகப் பழுப்பேறட்டும், ருசி அதில்தான் வருகிறது. பிறகு கரண்டியால் உடைத்து, கட்டியில்லாமல் வேகவிடுங்கள். இறங்கும் கொழுப்பில் பாதியைத் தகர டின்னில் வடியுங்கள், சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். மிச்சக் கொழுப்பில் வெங்காயம், உள்ளி, உப்புச் சேர்க்காத தக்காளி டின். இருபது நிமிஷம் மெல்லக் கொதித்தால் சோஸ் தயார்.

இத்தாலியின் தெற்கே பூலியாவில் தக்காளி இல்லாமலும் செய்வார்கள்: ஒரெக்கியெத்தே என்ற சின்னக் குழிப் பாஸ்தா, சொசேஜ், ரப்பினிக் கீரை. ரப்பினி இங்கே சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கிறது. பாகற்காய் சாப்பிட்ட நாக்குக்கு அந்தக் கசப்பு ஒரு பொருட்டல்ல. எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். கீரை நிறையப் போகிறது, சொசேஜ் தானாகக் குறைகிறது.

குறைய வேண்டியதற்குக் காரணம் உப்பு. பாக்கெட்டின் பின்புற அட்டவணையில் சோடியத்துக்கு நேரே உள்ள சதவீதத்தைப் பாருங்கள். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு, 15 அல்லது மேலே என்றால் அதிகம். அந்தக் கணக்கு எத்தனை கிராமுக்கு என்பதையும் பார்க்கவேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு சொசேஜுக்குத்தான். அதோடு பாஸ்தாத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பு, மேலே பார்மசான் சீஸ் என்றால், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் அப்பாவுக்கு ஒரு நாளைக்கான உப்பில் பெரும்பகுதி ஒரே தட்டில் முடிந்துவிடும். நாலு பேருக்கு இரண்டு அல்லது மூன்று சொசேஜ், 300 கிராம் பாஸ்தா, ஒரு டின் வெள்ளை பீன்ஸைக் கழுவிச் சேர்த்தால் வயிறு நிறையும். தண்ணீரில் வழக்கமான உப்பில் பாதி போதும். பெருங்குடல் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இதை எப்போதாவது செய்யும் சாப்பாடாகவே வைத்திருங்கள். பதப்படுத்திய இறைச்சி அந்நோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது.

பச்சைச் சொசேஜைக் கழுவவேண்டாம், கிருமி சிங்கெல்லாம் தெறிக்கும். வாங்கி ஓரிரு நாளில் சமைக்காவிட்டால் ஃப்ரீசரில் போடுங்கள். சமைத்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த நாள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு அனுப்புவதானால், தெர்மோஸில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கச் சுடவைத்த பாஸ்தாவை உடனே அடைத்து மூடுங்கள்.