புல்வெட்டி இன்ஜினைப் பிரிப்பதா, மாற்றுவதா?

புல்வெட்டியின் கயிற்றை இழுத்தால் கை கொஞ்சமாவது தடைபட வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், "கம்ப்ரஷன் போயிடுச்சு, புது இன்ஜின் போட்டுடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், போனது உண்மையாகவே இருக்கலாம். எந்த வழியாகப் போனது என்று பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. ஒரே அறிகுறிக்குப் பின்னால் அரை நாளில் முடிகிற வேலையும் இருக்கலாம், இன்ஜினையே முடித்துவிட்ட சேதமும் இருக்கலாம்.

இந்த இன்ஜின்கள் எளிமையானவை. பெரும்பாலும் ஒரே சிலிண்டர், காற்றால் குளிர்வது, நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளை ஒட்டிய வேகம். தள்ளிக்கொண்டு போகும் வகைகளில் உள்ளே இருக்கும் ஆயில் ஏறக்குறைய அரை லிட்டர்தான். அவற்றில் பலவற்றுக்கு ஆயில் பம்பும் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. உள்ளே சுழலும் ஒரு சின்னத் துடுப்பு ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான். ஆகவே உள்ளே புகுந்த தூசி, அடுத்த முறை ஆயில் மாற்றும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கார் இன்ஜினில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுக்கும் அது சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே கழற்றி மாற்றக்கூடிய பேரிங் தகடுகள் இருக்கும். இங்கே பெரும்பாலும் அலுமினிய ராட் நேரடியாக எஃகு ஷாஃப்டின் மேல் ஓடுகிறது. பின்னால் வரப்போகும் கணக்கைப் பாதி தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்.

சரி, கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்ப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அது இங்கே ஏமாற்றும். கையால் இழுத்துக் கிளப்புவது சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்காக, குறைந்த வேகத்தில் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு பல இன்ஜின்களில் உண்டு. நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைவாகவே காட்டும். அதைவிட நம்பகமானது லீக்டவுன் சோதனை. பிளேடைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி, 'உஸ்' என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டாலே போதும். பிஸ்டன் உச்சியிலிருந்து இம்மி விலகியிருந்தாலும் காற்று ஷாஃப்டைச் சுழற்றிவிடும், அதனால்தான் பிளேடைக் கழற்றச் சொன்னேன்.

கார்புரேட்டர் பக்கம் சத்தம் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. சிலிண்டரும் ஹெட்டும் சேரும் விளிம்பில் வந்தால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பான கேஸ்கெட். இந்த மூன்றும் பெரும்பாலும் நல்ல செய்திதான். வால்வும் அது உட்காரும் இடமும் (சீட்) தேயத் தேய, வால்வு மேலேறி டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுதாக மூடவே மூடாது. வால்வை அரைக்கும் பசை வைத்துத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையே காய்ந்த புல் அடைத்து, சூடேறி, வால்வு சீட்டே கழன்றிருந்தால் மட்டும் கதை வேறு.

ஆயில் ஊற்றும் வாய் வழியாகக் காற்று வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ரிங்கின் இடைவெளி வழியே நல்ல இன்ஜினிலும் கொஞ்சம் கசியும், அதற்காகப் பதற வேண்டாம். நிறையக் கசிந்து, நீலப் புகையும் வந்தால் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரின் சுவரைப் பாருங்கள். சுவர் நன்றாக இருந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு நெட்டுக் கீறல்கள் இருந்தால், புது ரிங் போட்டாலும் அதே கசிவுதான். இரும்பு ஸ்லீவ் (உட்குழாய்) உள்ள சிலிண்டராக இருந்து, சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடைத்தால், துளையைக் கடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்யலாம். வெறும் அலுமினியச் சுவர் கொண்ட மலிவு இன்ஜினில் அந்த மெனக்கெடல் கட்டுப்படியாகாது.

அப்புறம் கிராங்க் ஷாஃப்ட். பிளேடு கல்லிலோ வேரிலோ மோதி இன்ஜின் சட்டென்று நின்றிருந்தால், முதலில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தை ஷாஃப்டோடு சரியான நிலையில் வைத்திருக்கும் கீயைப் பாருங்கள். ஃப்ளைவீலின் காந்தம்தான் எந்த நொடியில் தீப்பொறி வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மென்மையான உலோகத்தால் ஆன அந்தக் குட்டிக் கீ சற்றே நறுங்கினாலும் நேரம் தவறி, இன்ஜின் கயிற்றைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கும். செத்துப்போனதாக ஒதுக்கப்பட்ட எத்தனையோ இன்ஜின்களுக்கு இந்தக் கீ ஒன்றுதான் தேவைப்பட்டிருக்கும். ஷாஃப்டே வளைந்திருந்தால் அது வேறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றும்போது ஷாஃப்டின் நுனி தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும். நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருந்தால், ஓடும்போது ஷாஃப்ட் ஒடிந்து பிளேடு பறக்கும்.

ஆயில் இல்லாமல் ஓடி சீஸ் ஆன, அதாவது இறுகிச் சுழலாமல் போன, இன்ஜினில் ராடின் அலுமினியம் ஷாஃப்டில் உருகி ஒட்டியிருக்கும். சில சமயம் ராட் ஒடிந்து உறையையே துளைத்துவிடும். தனியாக மாற்றப் பேரிங் தகடு இல்லாததால், அங்கே ராட், ஷாஃப்ட், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த விலை புது இன்ஜினை நெருங்கிவிடும். உதிரிபாகச் செலவு புது இன்ஜினின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுவது என்பது என் கணக்கு. இயந்திரத்தின் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அந்தப் பாதி செலவும் வீண்.

மாற்றுவதென்று முடிவானால், குதிரைத்திறன் ஒத்துப்போனால் போதும் என்று ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். ஷாஃப்டின் விட்டம், நீளம், கீ பள்ளம், அடியில் இருக்கும் போல்ட் துளைகளின் இடைவெளி எல்லாவற்றையும் அளந்துகொள்ள வேண்டும். பிளேடு செங்குத்து ஷாஃப்டில் மாட்டும் வகைகளில் 22.2 மில்லிமீட்டர், 25.4 மில்லிமீட்டர் என்ற இரண்டு விட்டங்கள் சகஜம். பிளேடை ஷாஃப்டோடு இணைக்கும் பழைய அடாப்டர் ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றதற்குப் பொருந்தாது.