28 கோர் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்

மார்த்தாண்டத்தில் கணினி விற்பனையும் பழுதுநீக்கமும் செய்துவருகிறேன். இந்தத் தொழிலில் 19 ஆண்டுகள் கழிந்துவிட்டன. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் வாடிக்கையாளர்கள் இருப்பதால், "கோர் நிறைய உள்ள பழைய சர்வர் பிராசஸரை வாங்கியும் கணினி ஏன் மெதுவாகப் போகிறது?" என்ற ஒரே கேள்விக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. (கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி.) ஓணம் கழிந்ததிலிருந்து இன்றுவரை அந்தக் கேள்வியோடு ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது ஆளை அனுப்பிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் திருமண ஆல்பம் வடிவமைப்பவர். இன்டெல் கோர் ஐ3-12100 பிராசஸர் உள்ள சாதாரண டெஸ்க்டாப்பில்தான் மூன்று ஆண்டுகளாக வேலை பார்த்திருக்கிறார். முகூர்த்த மாதங்களில் வேலை குவிகிறதே என்று, சேர்த்துவைத்த பணத்தில், சர்வர்களுக்காக (பலருக்கும் ஒருசேர வேலை செய்து கொடுக்கும் கணினிகளுக்காக) இன்டெல் செய்த ஸியான் இ5-2680 வி4 பிராசஸர் பொருத்திய செகண்ட் ஹேண்ட் இயந்திரம் ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டார். "சார், இது 28 கோர் சார். பழசைவிட மெதுவாப் போகுது. போர்டுல ஏதோ கோளாறு, பாருங்க" என்று மேசைமேல் வைத்தார்.

போர்டில் கோளாறு எதுவும் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸரின் வரைபடத்தை 28 கட்டங்களாகப் பிரித்து வைத்துவிட்டு, ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் அவர் வழக்கமாகச் செய்யும் திருத்தத்தைச் செய்யச் சொன்னேன். இரண்டு மூன்று கட்டங்கள் மாறி மாறி ஏறி இறங்கின. மற்றவை தரையோடு தரையாகக் கிடந்தன. மொத்தப் பயன்பாடு 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது. நூறை 28 ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த 4 வரும். அதாவது, ஒரே ஒரு வேலையாள் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் செய்வதற்கு வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள். அது 28 கோர் என்பதும் உண்மை இல்லை. அந்தப் பிராசஸரில் இருப்பவை 14 கோர்கள். ஒவ்வொரு கோரும் இரண்டு திரெட்களை, அதாவது இரண்டு வேலைத் தொடர்களை, கையாளுவதால் விண்டோஸ் 28 கட்டங்கள் காட்டுகிறது. திரெட் இரண்டானால் கோர் இரண்டாகிவிடாது. இதை எத்தனை முறைதான் சொல்வது?

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒரு நம்பிக்கை: சர்வர் பிராசஸர் என்றால் டெஸ்க்டாப் பிராசஸரைவிட எல்லா வகையிலும் உயர்ந்தது, வங்கியிலும் பெரிய நிறுவனங்களிலும் ஓடியது நம் மேசையில் பறக்கும் என்பது. அது எவ்வளவு தவறு என்று காட்ட, பழசையும் புதுசையும் ஒப்பிடாமல், ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் ஒரே அடிப்படை வடிவமைப்பில் வெளியிட்ட இரண்டை எடுத்துக்கொள்வோம். ஏஎம்டி 2022 இல் ஸென் 4 வடிவமைப்பில் ரைசன் 9 7950எக்ஸ் என்ற டெஸ்க்டாப் பிராசஸரையும் எபிக் 9654 என்ற சர்வர் பிராசஸரையும் கொண்டுவந்தது. முதலாவதில் 16 கோர்கள், அதிகபட்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ், மின்சாரம் 170 வாட். இரண்டாவதில் 96 கோர்கள், அதிகபட்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், மின்சாரம் 360 வாட். மின்சாரத்தைக் கோர் எண்ணிக்கையால் வகுத்தால் டெஸ்க்டாப்பில் ஒரு கோருக்கு 10 வாட்டுக்கு மேல் கிடைக்கிறது. சர்வரிலோ 4 வாட் கூட இல்லை. ஒற்றைக் கோரில் நடக்கும் வேலையில் அந்த விலையுயர்ந்த சர்வர் பிராசஸர், தன் டெஸ்க்டாப் தம்பிக்குப் பின்னால்தான் வரும். அது குறை அன்று, அப்படித்தான் அதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும் நூற்றுக்கணக்கான சிறு வேலைகளை இரவு பகலாகத் தடங்கலின்றி முடித்துக் கொடுப்பதற்காக அதில் ரேமுக்குப் போகும் 12 மெமரி சேனல்களும், கார்டுகளையும் டிஸ்க்குகளையும் இணைக்கும் 128 பிசிஐஇ பாதைகளும் இருக்கின்றன. டெஸ்க்டாப் பிராசஸரில் மெமரி சேனல் இரண்டுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ரப்பர் தோட்டத்தை வைத்துச் சொன்னால் விளங்குகிறது. விடியற்காலையில் பால் வெட்ட முப்பது பேரை இறக்கினால் தோட்டம் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு மரத்தில் பால் வடிந்து சிரட்டை நிறைய ஆகும் நேரம், முப்பது பேரும் அதே மரத்தைச் சுற்றி நின்றாலும் குறையாது. 1967 இல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் இதையே கணக்காகச் சொன்னார்: ஒரு வேலையில் 40 சதவீதத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியுமென்றால், எத்தனை கோர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்த வேலை இரண்டரை மடங்குக்கு மேல் வேகமாகாது. ஆல்பம் திருத்துவது, கணக்கு மென்பொருளில் பில் போடுவது, எக்செல் கோப்பைத் திறப்பது ஆகியவற்றில் பெரும்பங்கு ஒற்றை மரத்துப் பால்தான்.

கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. தலைமுறை மாறினால் அந்த எண்ணை நேரடியாக ஒப்பிடவே கூடாது. 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 2006 இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோவிடம் தோற்றதை என் வயதொத்த பழுதுநீக்குவோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவர் வீடியோ எடிட் செய்பவர். அவருடைய சிக்கல் வேறு. ஸியான் இ5 வரிசையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. இன்றைய கேமராக்கள் தரும் 4கே ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) கோப்புகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஐ3-12100 இன் கிராபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று இருக்கிறது. (பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் இருக்காது, வாங்கும்போது அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள்.) ஸியானில் அந்தச் சுமை முழுவதும் கோர்களின் தலையில் விழுகிறது. விற்றவர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு ஹெச்இவிசி என்றால் என்னவென்றே தெரியாது. படம் விட்டு விட்டு ஓடாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் இந்த இ5 வரிசை இல்லை. குறுக்குவழியில் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அதற்கு யாரும் பொறுப்பில்லை. சர்வரிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு (சர்வருக்கான தனி வகை) ரேமை நாளைக்கு உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் மாட்டிக்கொள்ளவும் முடியாது.

ஒப்பிட விரும்புகிறவர்கள் ஒரே மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணினிகளின் வேகத்தை அளக்கும் சோதனைகளை வகுக்க 1988 இல் தொடங்கப்பட்ட ஸ்பெக் அமைப்பே தன் சோதனையை இரண்டாகப் பிரித்துத்தான் வெளியிடுகிறது: ஒரு வேலை எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்பது ஒன்று, பல பிரதிகளை ஒருசேர ஓட்டினால் குறித்த நேரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது மற்றொன்று. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளிலும் ஒற்றைக் கோர், பல கோர் என்று இரண்டு எண்கள் உண்டு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எப்போதும் இரண்டாவது எண்ணைத்தான். முதல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எதிர்த்திசைத் தவற்றையும் சொல்லாமல் விட முடியாது. சென்ற துலா மழைக் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு ஸ்கேன் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். வரவேற்பு மேசைக்கு அடியில், செருப்புத் தூசிக்கு நடுவில், சாதாரண டெஸ்க்டாப் ஒன்று இரண்டு ஆண்டுகளாக அணைக்கப்படாமல் நோயாளிகளின் பதிவேடு முழுவதையும் சுமந்துகொண்டிருந்தது. பதிவுகள் அங்கங்கே சிதைந்திருந்தன. எல்லோரும் இடியைக் குற்றம் சொன்னார்கள். இரவு முழுவதும் சோதனை ஓட்டியதில் ரேம் ஒன்று பிழை விடுவது தெரிந்தது. சர்வர்களில் இருக்கும் இசிசி மெமரி ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு மாறினால் கண்டுபிடித்துச் சொல்லும். இந்த இயந்திரத்தில் அது இல்லாததால், தவறான பதிவு தவறென்று யாருக்கும் தெரியாமலேயே சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இங்கே 96 கோர் தேவையில்லை. ஸியான் இ-2300 வரிசையைப் போல 4 முதல் 8 கோர் வரை உள்ள சிறிய சர்வர் பிராசஸரும், இசிசி ரேமும், நல்ல யூபிஎஸ்ஸும், அன்றாட பேக்கப்பும் இருந்தால் போதும். நோயாளியின் விவரத்தை வைத்திருப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பழைய ஸியானை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே இயந்திரத்தில் ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளாலான தனித்தனிக் கணினிகளை) ஏற்றி நெட்வொர்க் படிக்கும் மாணவருக்கும், இரவு முழுவதும் முப்பரிமாணக் காட்சிகளை பிராசஸரில் ரெண்டர் செய்பவருக்கும் அது பயன்படும். ஆனால் பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்காக நகையை அடகு வைத்து வாங்க வரும் பெற்றோரிடம் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை என்ன மென்பொருளில் வேலை செய்யப் போகிறது என்று முதலில் கேளுங்கள், கோர் எண்ணிக்கையைப் பிறகு பேசலாம். மின்கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள். கூடுதலாக 100 வாட் இழுக்கும் இயந்திரம் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 30 யூனிட் கூடும்.

ஆல்பக்காரர் தன் பழைய ஐ3க்கே திரும்பிவிட்டார். அதில் ரேமைக் கூட்டி, வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டுக் கொடுத்தேன், வேலை ஓடுகிறது. ஸியானுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், அன்றாடம் வேலை செய்யும் கோப்புகளில் மிகப் பெரிய ஒன்றைப் பென் டிரைவில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் இரண்டு வகை இயந்திரமும் இருக்கிறது; இரண்டிலும் திறந்து, கைக்கடிகாரத்தை வைத்து நீங்களே நேரம் பாருங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.