அக்கார்ட்: மணக்கூட்டு

சென்ட் பெட்டிகளில் ‘ஆம்பர் அக்கார்ட்’, ‘லெதர் அக்கார்ட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். தமிழில் எழுதுவோர் பலர் இதைக் ‘கலவை’ என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. எதை எதோடு ஊற்றினாலும் கலவைதான். சில மணப்பொருள்கள் சேர்ந்து, ஒவ்வொன்றின் தனி மணமும் பின்வாங்கி, அவற்றில் எதிலும் இல்லாத புது மணம் ஒன்று எழுந்தால்தான் அக்கார்ட்.

பிரெஞ்சில் இது ‘அக்கோர்’. இசைவு, உடன்பாடு என்று பொருள். அடியில் இருப்பது இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற லத்தீன் சொல். பல சுரங்கள் சேர்ந்தொலிப்பதைச் சொல்லும் ‘கார்ட்’ என்ற ஆங்கில இசைச் சொல்லும் இதன் குறுக்கமே. 1850களில் லண்டன் வாசனைத் தொழிலர் செப்டிமஸ் பியெஸ், மணங்களை இசைச் சுரங்களைப் போல வரிசைப்படுத்தி எழுதினார்.

பாரிஸின் உபிகான் நிறுவனத்துக்காக 1882இல் பால் பார்க்கே உருவாக்கிய ‘ஃபூழேர் ருவயால்’ நல்ல எடுத்துக்காட்டு. ஃபூழேர் என்றால் பெரணிச்செடி. அதற்குச் சொல்லும்படியான மணமே கிடையாது. லாவெண்டர், ஓக் மரப்பாசி, காய்ந்த புல்லின் மணம் தரும் கூமரின் ஆகியவற்றின் இசைவில் பிறந்த மணத்துக்கு அவர் சூட்டிய பெயர் அது. இன்றைக்கு அது ஒரு மணக் குடும்பத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய சாதனையாகத் தோன்றுவது 1956இல் டியோருக்காக எட்மோன் ருட்னிட்ஸ்கா செய்த ‘டியோரிஸிமோ’. அதன் மையம் மியூகே மலர், அதாவது ஆங்கிலத்தில் ‘லில்லி ஆஃப் தி வேலி’. மல்லிகையிலிருந்தும் ரோஜாவிலிருந்தும் எடுப்பதுபோல் இந்தப் பூவிலிருந்து பயன்படும் மணச்சாரம் எடுக்க முடிவதில்லை. ருட்னிட்ஸ்கா, தென் பிரான்சில் கிராஸ் நகருக்கு அருகே கப்ரீஸ் என்ற ஊரில் சொந்தக் கூடம் வைத்துத் தன் போக்கில் வேலை செய்தவர். தோட்டத்தில் அந்தச் செடியை வளர்த்து, பூத்தபோது முகர்ந்து, ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் என்ற செயற்கை மணப்பொருள் முதலிய பிற பொருள்களைக் கொண்டு அதன் மணத்தைக் கட்டியெழுப்பினார். பூவில் ஒரு சொட்டுகூடச் சேராமல் பூ மணந்தது!

தனித்து இயங்கும் வாசனைக் கலைஞரின் கைவண்ணம் வெளிப்படும் இடமும் இதுதான். பிறர் ஆயத்தமாகக் கூட்டி விற்கும் ‘பேஸ்’களை வாங்கியும் வேலையை முடிக்கலாம். தானே கட்ட நினைப்பவர் இரண்டு பொருள்களை எடுத்து, ஒன்பதுக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு என்று விகிதம் மாற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் காகிதப் பட்டையில் தோய்த்து முகர்கிறார். இசையும் விகிதம் பிடிபட்ட பிறகே மூன்றாவது பொருள். கிராஸில் வாசனைக் கலைஞர் ழான் கார்ல் மாணவர்களைப் பழக்கிய முறை ஏறத்தாழ இது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இசைவு’ என்றால் மணம் விடுபடுகிறது. நறுமணத்தைக் குறிக்கும் ‘விரை’ அழகான சொல். ஆனால் அது தனி மணப்பொருளையும் குறிக்கும். நெடுநல்வாடையில் குற்றேவல் இளைஞர்கள், கொள்ளின் நிறமுள்ள நறுங்கல்லில் ‘பல கூட்டு மறுக’ அரைக்கிறார்கள். அங்கே கூட்டு என்பது மணப்பொருள்களின் சேர்க்கை. சமையற்கட்டில் மட்டுமல்ல, வாசனையோடும் புழங்கிய சொல்! ஆகவே என் தேர்வு ‘மணக்கூட்டு’. சென்டில் தனித்துத் தெரியும் ஒரு மணத்தைச் சொல்லும் ‘நோட்’ என்பதைத் ‘தனிமணம்’ எனலாம். “இந்த சென்டில் பெர்கமோட் தனிமணம் முதலில் எழும், அது அடங்கியதும் ஆம்பர் மணக்கூட்டு தெரியும்” என்று எழுதினால் எவருக்கும் புரியும்.