ஜொய்ஸ்டிக்: கம்பே இல்லாத கம்பு

திருகோணமலையில் போன் திருத்தும் கடைகளுக்கு வரும் பொடியன்களின் முறைப்பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, ஜொய்ஸ்டிக் வேலை செய்யுதில்லை. ஓடிக்கொண்டிருக்கேக்க ஆள் அப்படியே நிண்டுடுறான்." கடைக்காரர் எந்தக் கம்பையும் தேடுவதில்லை. போன் விளையாட்டில் ஆளை நகர்த்தும் ஜொய்ஸ்டிக், பெருவிரலால் தள்ளும் வெறும் வட்டப் படம்தான். அது இருக்கும் திரையின் இடது கீழ் மூலையைத் துணியால் துடைப்பார். மேலே ஒட்டிய காப்புக் கண்ணாடி ஓரத்தில் கிளம்பியிருந்தால் உரித்துவிட்டு, "இப்ப விளையாடிப் பார் தம்பி" என்பார்.

ஜொய்ஸ்டிக் விளையாட்டிலிருந்து வந்த சொல் அல்ல. 1910 வாக்கில் விமானிகளின் பேச்சில் புழங்கத் தொடங்கியது. விமானியின் கால்களுக்கு நடுவே நிற்கும் கம்பு அது. முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்கு தாழும், இழுத்தால் எழும், பக்கவாட்டில் சாய்த்தால் விமானமும் சாயும். எங்கள் ஊருக்கும் அது பழைய ஆள்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்த ஹரிக்கேன் போர் விமானங்களின் விமானிகள் பிடித்திருந்ததும் அந்தக் கம்பைத்தான். அதன் தலையில் வளையமாக ஒரு பிடி இருந்தது.

1970களில் அட்டாரி போன்ற வீடியோ விளையாட்டுக் கருவிகளோடு ஜொய்ஸ்டிக் வீட்டுக்குள் வந்தது. 1982 இல் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் கையடக்க விளையாட்டுக் கருவிக்காகக் கம்பை விட்டு, சிலுவை வடிவப் பொத்தானை வைத்தார். 1996 இல் அதே நிறுவனத்தின் நின்டெண்டோ 64 கருவி பெருவிரலால் தள்ளும் சின்னக் கம்பைக் கொண்டுவந்தது. அப்புறம் தொடுதிரை வந்து எல்லாவற்றையும் வெறும் படமாக்கிவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? ஜொய் என்றால் மகிழ்ச்சி, ஸ்டிக் என்றால் கம்பு என்று பிரித்து 'மகிழ்கோல்' என்று எழுதினால் கேட்பவர் சிரிப்பார். செய்யும் வேலையைச் சொல்லும் 'இயக்குபிடி' நல்ல சொல். ஆனால் போனில் இல்லாமல் போனது அந்தப் பிடிதானே!

உண்மையான கம்பில் நடு எது, விளிம்பு எது என்று விரலுக்கே தெரியும். கண்ணாடியில் தெரியாது. கண் எதிரியைப் பார்க்கும் நேரத்தில் பெருவிரல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். இதற்குத்தான் விரல் எங்கே படுகிறதோ அந்த இடத்தையே நடுவாக எடுத்துக்கொள்ளும் மிதக்கும் வகை வந்தது. நடுவைச் சுற்றிச் சிறிய பகுதியில் அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் உண்டு. இல்லாவிட்டால் விரலின் சின்ன நடுக்கத்துக்கும் ஆள் ஆடுவான்.

எங்கள் ஊர் வெக்கைக்கு இன்னொரு தொல்லை வியர்வை. கண்ணாடிக்கடியில் உள்ள மெல்லிய மின்வலை, விரல் பட்டதும் ஏற்படும் மின்னேற்ற மாற்றத்தை வைத்துத்தான் இடத்தை அறிகிறது. உப்பு ஈரமும் மின்சாரம் கடத்தும் என்பதால் தொடாத இடத்தையும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். மின்கடத்தும் நூல் கலந்த விரலுறை போடுவது அதனால்தான். அது வெறும் ஸ்டைல் இல்லை.

போன் தயாரிப்பவர்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது திரை தொடுகையை நொடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்பதைத்தான். 60 முறை என்றால் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்கு ஒரு தடவை, 240 என்றால் 4.2 மில்லிநொடிக்கு ஒரு தடவை. நல்லதுதான். ஆனாலும் வளைந்த விளிம்பைத் தட்டையாக்கினால் உள்ளங்கை தவறுதலாகப் படுவது குறையும். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். 2018 இல் வந்த அசுஸ் ஆர்ஓஜி போன் பக்கச் சட்டத்திலேயே தொடு விசைகளை வைத்தது. சுடும் வேலை ஆள்காட்டி விரலுக்குப் போனால் பெருவிரல்களும் திரையும் கொஞ்சம் விடுபடும்.

பெயருக்கு வருவோம். திரையில் இருப்பது வட்டம். அதனால் அதை 'இயக்குவட்டம்' என்பேன். இடம் மாறுவதை 'மிதக்கும் இயக்குவட்டம்' எனலாம், நடுவில் அசைவைக் கணக்கிடாத பகுதியை 'ஓய்வுப் பகுதி' எனலாம். போனின் இரு பக்கமும் கவ்விக்கொள்ளும் புளூடூத் கட்டுப்படுத்தி வைத்திருப்பவர்கள் மட்டும் இயக்குபிடி என்றே சொல்லலாம். அதில் நிஜமாகவே கம்பு உண்டு.