பெண்ணையாற்று வெள்ளமும் கெடிலத்து வெள்ளமும்

கடலூரில் இரண்டு ஆறுகள் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் கடலில் கலக்கின்றன. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து 400 கி.மீ. ஓடிவருவது. கெடிலமோ கள்ளக்குறிச்சிப் பக்கம் தொடங்கி 110 கி.மீ. சுமாரில் முடிந்துவிடும். பயப்பட வேண்டியது பெரியதற்குத்தான் என்று தோன்றும். அது பாதிதான் சரி.

ஒரு சதுர கி.மீ.யில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர் தண்ணீர். பெண்ணையாற்றில் ஒவ்வொரு பகுதியின் மழையும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். நடுவில் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வேறு. 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூரில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர், அதாவது நொடிக்கு 12,000 லிட்டர் லாரி 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அணையிலிருந்து கடலூர் 100 கி.மீ.க்கு மேல். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகமென்றால் 18 மணி நேரமாவது ஆகும். வெள்ளம் பெரிதானால் வேகம் கூடும், அவகாசம் சுருங்கும்; ஆனாலும் தண்டோரா போட நேரம் இருக்கும்.

கெடிலத்தில் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் கொட்டும் மழை சில மணி நேரத்தில் ஊருக்குள் நிற்கும். தடுத்துவைக்கப் பெரிய அணை கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் முகத்துவாரம். அலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெருவெள்ளம் அந்தத் திட்டைத் தானே அறுத்துக்கொண்டு போய்விடும். கோடையில் மெலிந்து கிடந்த சின்ன ஆற்றுக்கு அந்த வேகம் சீக்கிரம் வராது. மழைக்கு முன்பே பொக்லைன் வைத்து வெட்டாவிட்டால் தண்ணீர் பின்னுக்கு ஏறும். கடல் ஏற்றமும் சேர்ந்தால் தெருச் சாக்கடை தலைகீழாக ஓடும். ஆற்றுக்குள் மண்டிய சீமைக்கருவேலம் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டத்தை நீங்களே அளக்கலாம், வெள்ளம் இல்லாத நாளில், பாலத்தின் மேலிருந்து. கரையில் 20 மீட்டர் குறித்து, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கயிறு கட்டாமல் நடு ஓட்டத்தில் போடுங்கள். மூன்று முறை நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். 25 நொடி வந்தால் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் 0.85 ஆல் பெருக்கினால் 0.68. அகலம் 30, சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் நொடிக்கு 24.5 கன மீட்டர், அதாவது சுமார் 865 கன அடி. பெரும்பாலும் தப்பு நடப்பது ஆழத்தில்தான்: நடு ஆழத்தையே சராசரி என்று போட்டுவிடுகிறார்கள். கரையிலிருந்து கரைக்கு ஐந்தாறு இடத்திலாவது கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பாருங்கள்.