கண் ‘வந்தால்’ எதைப் பார்க்க வேண்டும்?

மழை பிடித்துவிட்டால் தாராவி 90 அடி ரோட்டில் கூலிங் கிளாஸ் போட்ட பிள்ளைகள் பெருகிவிடுவார்கள். நமக்கு அது ‘மெட்ராஸ் ஐ’. அடுத்த வீட்டு மராத்திக்காரருக்கு ‘டோளே ஆலே’, அதாவது கண் வந்துவிட்டது!

கண்ணின் வெள்ளைப் பகுதியை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதிலுள்ள மயிரிழை ரத்தக்குழாய்கள் சாதாரணமாக நம் பார்வைக்கே படாது. வைரஸோ தூசியோ சீண்டினால் அவை விரிந்து ரத்தம் நிரம்பும், கண் சிவக்கும். சீண்டியது எது என்பதைச் சிவப்பு சொல்லாது. கூடவே என்ன வருகிறது என்பதுதான் துப்பு.

என் அக்கா மகனுக்கு முதலில் ஒரு கண்தான். மணல் விழுந்தது போல உறுத்தல், ஓயாத நீர், காதுக்கு முன்னால் சின்ன வீக்கம். இரண்டு நாளில் மறு கண்ணும் சிவந்தது. மெட்ராஸ் ஐக்கு வழக்கமான காரணமான அடினோ வைரஸ் அப்படித்தான் வரும். அதற்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. குளிர்ந்த ஈரத்துணி ஒற்றினால் இதம், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும்.

“பார்த்தாலே ஒட்டிக்குமாமே?” என்றாள் அக்கா. ஒட்டாது. கை, துண்டு, தலையணை உறை, லோக்கல் ரயில் கம்பி, இவைதான் கடத்துகின்றன. சானிடைசர் கரைக்கும் கொழுப்பு உறை இந்த வைரஸுக்கு இல்லை, அதனால் அதற்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இமை ஒட்டிக்கொள்ளும்படி மஞ்சள் பீளை தள்ளிக்கொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரு கண்ணும் அரித்தால் பெரும்பாலும் அலர்ஜி. கசக்கக் கசக்க அரிப்பு ஏறும். பலமாக இருமியபின் வெள்ளையில் ரத்தத் திட்டு தெரிந்தால் வீடே அலறும். வலியில்லை, பார்வை தெளிவு என்றால் இரண்டு வாரத்தில் கரைந்துவிடும்.

எனக்குப் பயம் வேறு வகையில். சிவப்பு கொஞ்சமாகவே இருக்கும். ஆனால் கண்ணுக்குள் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் கருவிழிப் புண்ணாக இருக்கலாம். பல்பைச் சுற்றி வானவில் வளையம், தலைவலி, வாந்தி என்றால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அக்காவின் ஃப்ரிட்ஜ் கதவில் போன வருடச் சொட்டு மருந்து இருந்தது. “ஒரே நாள்ல சிவப்பு போயிடும்டா.” போகும்தான், அது சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும் ஸ்டீராய்டு. ஹெர்பஸ் வைரஸ் தொற்றாக இருந்தால் அதே சொட்டு கருவிழிப் புண்ணை ஆழமாக்கிவிடும். லேபிளைப் படித்துக் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டேன். “நூத்தி இருபது ரூபாய் அது” என்றாள்.