இல்லாத நினைவகம் எங்கிருந்து வருகிறது?

8 ஜிகாபைட் ரேம் உள்ள கணினியில் இயங்கும் நிரல்கள் கேட்டுப் பெற்ற நினைவகத்தையெல்லாம் கூட்டினால், அது 8 ஜிகாபைட்டைப் பல மடங்கு தாண்டுவது சாதாரணம். இயங்குதளம் நிரலுக்கு உடனே கொடுப்பது நினைவகத்தை அல்ல, முகவரிகளை மட்டுமே. ஒரு முகவரியில் நிரல் முதன்முறை கைவைக்கும்போதுதான் அதற்குப் பின்னால் உண்மையான ரேம் ஒதுக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, சிறிய காந்த வளைய நினைவகத்தையும் பெரிய காந்த உருளையையும் ஒரே நினைவகம்போல் நிரலுக்குக் காட்டியதில் இதன் வேர் இருக்கிறது.

நினைவகம் முழுவதும் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். நிரல் சொல்லும் முகவரி ரேமின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்பதைப் பக்க அட்டவணை சொல்கிறது. 64 பிட் கணினிகளில் இவ்வட்டவணை வழக்கமாக நான்கு அடுக்குகள் கொண்டது என்பதால், ஒரு எண்ணைப் படிக்க முதலில் நான்கு முறை அட்டவணையைப் படிக்க நேரிடலாம். அண்மையில் கண்டுபிடித்த விடைகளைச் செயலி (சி.பி.யு.) தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால், நம் கணினிகள் நத்தை வேகத்தில்தான் நகரும்.

தேடிய பக்கம் ரேமில் இல்லையென்றால் செயலி நிரலை நிறுத்திவிட்டு, இயங்குதளத்தைக் கூப்பிடுகிறது. இதைப் பக்கப் பிழை என்கிறார்கள். பெயரில் பிழை இருந்தாலும் இது அன்றாட நிகழ்வே. ஆனால் அந்தப் பக்கம் ரேமில் இடமில்லாமல் வட்டில் எழுதி வைக்கப்பட்டிருந்து, அங்கிருந்து கொண்டுவர வேண்டியிருந்தால் விலை கடுமையானது. ரேமை எட்ட ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். முன்னதை ஒரு விநாடியாக நீட்டினால், பின்னது ஒரு நாளுக்கும் மேலாகிவிடும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டு இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தது, ஆனால் ஒழித்துவிடவில்லை.

ஆகவே, இடம் தேவைப்படும்போது எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதே இயங்குதளத்தின் முக்கியமான முடிவு. வெகுகாலத்துக்குத் தேவைப்படாத பக்கத்தை வெளியேற்றுவதே மிகச் சிறந்தது என்று 1966-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் பெலாடி காட்டினார். ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். எனவே இயங்குதளங்கள் கடந்த காலத்தை வைத்து ஊகிக்கின்றன. ஒரு பக்கம் தொடப்படும்போதெல்லாம் செயலி அதற்கு ஒரு குறியிடுகிறது. இயங்குதளம் அவ்வப்போது குறிகளை அழித்துக்கொண்டே சுற்றிவந்து, மறுசுற்றிலும் குறியில்லாமல் கிடப்பதை வெளியேற்றுகிறது. மாற்றப்படாத நிரல் வரிகளை எங்கும் எழுதி வைக்காமல் அப்படியே விட்டுவிடலாம், ஏனென்றால் மூலக் கோப்பு வட்டில் இருக்கிறது.

காலியான ரேம் நல்லது என்ற நம்பிக்கையில் "நினைவகத்தைச் சுத்தம் செய்யும்" மென்பொருள்களை நிறுவுவோர் உண்டு. என் பார்வையில் அவை பெரும்பாலும் கெடுதலே செய்கின்றன. மீதியிருக்கும் ரேமில் இயங்குதளம் அண்மையில் படித்த கோப்புகளை வைத்திருக்கிறது. அதைத் துடைத்தெறிந்தால் மறுபடியும் வட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு. நிரல்கள் ஒரே வேளையில் புழங்கும் பக்கங்களின் தொகுப்பு ரேமில் அடங்காமல் போனால், இப்போது வெளியேற்றிய பக்கமே அடுத்த கணம் தேவைப்படுகிறது. செயலி சும்மா நிற்க, வட்டு மட்டும் ஓயாமல் உழைக்கிறது. 1968-இல் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் விளக்கிய இந்நிலைக்கு, சில நிரல்களை முழுவதுமாக நிறுத்திவைப்பதே மருந்து. லினக்ஸ் இயங்குதளத்தில் நினைவகம் அறவே தீர்ந்துவிட்டால், அதிக இடத்தைப் பிடித்திருக்கும் நிரலை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலே தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடுகிறது. சேமிக்காத கோப்பு ஏதும் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.